ஓஹியா லெஹுவா: ஹவாயித் தீவுகளின் பூமரமும் அதன் பெயரும்

ஒரு தேசத்து ஜனங்கள் ஒரு மரத்தை எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கிறார்கள் என்பதை, அதற்கு அவர்கள் இட்டு வழங்கும் பெயர்களைக் கொண்டே ஒருவாறு அளந்துவிடலாம். பனையின் இளமரத்தை வடலி என்றும், தென்னங்கன்றைப் பிள்ளை என்றும், மாவின் இளங்காயை வடு என்றும் தனித்தனியே பெயரிட்டு அழைக்கும் நமக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவில், கலிபோர்னியாக் கரையிலிருந்து சுமார் 2,400 மைல் தூரத்தில் உள்ள ஹவாயித் தீவுகளில் இத்தகைய பெருமை வாய்ந்த மரம் ஒன்று உண்டு. அதற்கு ஓஹியா லெஹுவா என்பது பெயர். அம்மரத்தின் இயல்பையும், அதன் பெயர் வந்த வகையையும், சென்ற சில வருஷங்களாக அதற்கு நேர்ந்திருக்கும் பெரும் ஆபத்தையும், அவ்வாபத்தைத் தடுக்க அத்தீவினர் கையாளும் முறைகளையும் இங்கே சுருக்கமாகக் கூறுவோம். நிலமும் மரமும் உடையவர்கள் இவ்வரலாற்றிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது பல உண்டு.

மரத்தின் இயல்பு

ஓஹியா லெஹுவா, நமது நாவல், கொய்யா, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய மரங்கள் சேர்ந்த மிர்ட்டேசி என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஹவாயித் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. இதன் உறவினங்கள் சில நியூஜீலந்து முதலிய இடங்களில் உள்ளன. கொய்யாப் பூவின் நடுவில் வெள்ளை மகரந்தக் கேசரங்கள் கொத்தாக நிற்பதை யாவரும் பார்த்திருப்பர். ஓஹியாவின் பூவும் அத்தகையதே. ஆனால் இதில் கேசரங்கள் மிகவும் நீண்டு, இதழ்களை மறைத்து, சிவந்த நூற்குஞ்சம் போலக் கிளை நுனிகளில் விளங்கும். பெரும்பாலான மரங்களில் பூ செந்நிறமாகவும், சிலவற்றில் செம்மஞ்சளாகவும் மஞ்சளாகவும், மிக அருமையாகச் சிலவற்றில் வெண்மையாகவும் இருக்கும். இளந்தளிரும் சிவப்பு நிறமுடையதாய்ப் பூவுக்கு இணையாக அழகு செய்வதுண்டு.

இம்மரம் வளராத நிலம் அத்தீவுகளில் மிகச் சில. கடற்கரை ஓரத்திலும், 8,000 அடி உயரமுள்ள மலைச் சரிவிலும், மழை மிகுந்த பள்ளத்தாக்கிலும், வறண்ட கற்பாறையிலும் இதைக் காணலாம். செழித்த காட்டில் 80 அடி வரை ஓங்கி வளரும் இதே மரம், மலையுச்சியிலுள்ள சதுப்பு நிலத்தில் முழங்கால் உயரம்கூட இல்லாமல் தரையோடு படர்ந்து பூக்கும். இலையும் ஈரமான இடங்களில் வழுவழுப்பாகவும், வறண்ட இடங்களிலும் உயர்ந்த இடங்களிலும் அடிப்புறம் வெண்பஞ்சு போன்ற சுனை உடையதாகவும் இருப்பதைக் காணலாம். ஹவாயியில் எஞ்சியிருக்கும் இயற்கைக் காடுகளில் நூற்றுக்கு 80 பங்கு வரையில் ஓஹியாவே முதன்மையாக நிற்கிறது என்று வன சாஸ்திரிகள் மதிப்பிடுகின்றனர். இதன் பரப்பு ஏறக்குறைய 10 லட்சம் ஏக்கர் ஆகும்.

எரிமலைக் குழம்பு ஓடி ஆறிய கரும்பாறையில் முதன்முதலில் வேரூன்றும் மரமும் இதுவே. இதன் விதை மிகச் சிறியது. தூசி போலக் காற்றில் பறந்து செல்லும். பாறை வெடிப்பில் சிறிது ஈரம் இருந்தால் அங்கே முளைத்துவிடும். எரிமலையிலிருந்து எழும் விஷப்புகை சூழும்போது இலையின் சுவாசத் துவாரங்களை மூடிக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தியும் இதற்கு உண்டு. 1959-ம் வருஷத்தில் கீலவேயா எரிமலையின் ஒரு வாயிலிருந்து பொங்கிய சாம்பலும் கங்கும் சுற்றியிருந்த காட்டை மூடின. அப்பொழுது பாதியளவு புதையுண்ட ஓஹியா மரங்களிற் பல, அடிமரத்திலிருந்தே புது வேர்களை விட்டு மீண்டும் தழைத்தன. நெருப்பாறு ஓடிய நிலத்தையும் காடாக்கும் மரம் என்று இதைச் சொல்லலாம்.

பெயர் வந்த வகை

ஹவாயி பாஷையில் ஓஹியா என்பது மரத்தின் பெயர். லெஹுவா என்பது சிறப்பாக அதன் பூவின் பெயர். இரண்டையும் சேர்த்து மரத்தை ஓஹியா லெஹுவா என்றும், சில சமயம் லெஹுவா என்றே சுருக்கியும் வழங்குவர். ஓஹியா என்னும் சொல்லின் முதலிலும், ஈற்றெழுத்துக்கு முன்னும், தொண்டையைச் சிறிது அடைத்துத் திறக்கும் ஓர் ஒலி உண்டு. அதைக் குறிக்க அவர்கள் தனி அடையாளம் ஒன்று இடுவர். நமது எழுத்தில் அதற்கு இடமில்லை.

ஓஹியா என்ற பெயர் இம்மரம் ஒன்றுக்கே உரியதன்று. நாவலுக்கு நெருங்கிய இனமும், செந்நிறக் கனி தருவதும், ஆதியில் அத்தீவுகளில் குடியேறியவர்கள் தோணியில் கொணர்ந்து நட்டதுமான மரம் ஒன்றுக்கு ஓஹியா ஆயி என்று பெயர். ஆயி என்றால் உண்ணத்தக்கது என்பது பொருள். பிற்காலத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் வரத் தொடங்கிய பின் தக்காளியும் அங்கே வந்து சேர்ந்தது. சிவந்து உருண்ட அப்பழத்தைக் கண்ட ஜனங்கள் அதற்கும் ஓஹியா என்றே பெயரிட்டு, கையால் பிசைந்து உணவிற் சேர்ப்பது என்னும் பொருள்பட ஓஹியா லோமி என்று வழங்கினர். நம் நாட்டிலும் இவ்வாறே நடந்தது. தக்காளி என்ற பழைய பெயர் இந்நாட்டுச் சிறு செடிகளுக்கு வழங்கியதாகும். அமெரிக்கக் கண்டத்துப் பழம் வந்த பின் அது சீமைத் தக்காளி ஆயிற்று. நாளடைவில் சீமை என்ற அடைமொழி நீங்க, வெறுந் தக்காளி என்றாலே வந்த பழத்தைக் குறிக்கலாயிற்று. புதிய பயிரைப் பழைய பெயரால் தன்னதாக்கிக்கொள்வது எந்நாட்டுக் குடியானவர்க்கும் பொதுவான வழக்கம் போலும்.

லெஹுவா என்னும் சொல்லுக்குப் பூ என்பதோடு வேறு பொருள்களும் உண்டு. போர்வீரனையும், ஆருயிர்க் காதலரையும், நெருங்கிய நண்பரையும், ஒரு தொழிலிற் கைதேர்ந்தவரையும் லெஹுவா என்று சிறப்பித்துக் கூறுவர். பூவின் நிறத்துக்கேற்ப, செம்மஞ்சள் மஞ்சளாகப் பூப்பது லெஹுவா மாமோ எனவும், வெண்ணிறமாகப் பூப்பது லெஹுவா புவாகேயா எனவும் பிரித்துரைப்பர். தளிருக்கு லீகோ என்று தனிப் பெயர். மழை மிகுந்த ஹீலோ நகரத்தில் பெய்யும் ஒருவகை மழைக்குக் கானிலெஹுவா, அதாவது லெஹுவாப் பூக்களில் ஒலித்துப் பெய்யும் மழை, என்று பெயர். அந்நகரத்துப் பெருவீதி ஒன்றுக்கும் இதுவே பெயராக வழங்குகிறது.

தாவர சாஸ்திரிகள் இதற்கு இட்ட பெயர் மெட்ரோசிடிராஸ் பாலிமார்ஃபா என்பது. 1819-ம் வருஷத்தில் ஊரானி என்னும் பிரெஞ்சுக் கப்பலில் ஹவாயிக்கு வந்த கோடிஷோ என்னும் தாவர சாஸ்திரி இம்மரத்தை விவரித்து இப்பெயரை வெளியிட்டார். மெட்ரோசிடிராஸ் என்பது இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. மரத்தின் உட்கட்டை இரும்பு போன்றது என்பது அதன் கருத்து. நாம் வைரம் பாய்ந்த மரம் என்று கூறுவதற்கும் இதற்கும் வேற்றுமை அதிகம் இல்லை. பாலிமார்ஃபா என்றால் பல உருவம் உடையது என்று பொருள். மலையுச்சியில் ஒரு முழமும் பள்ளத்தாக்கில் 80 அடியுமாக நிற்கும் மரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

கதையும் வழக்கமும்

இம்மரத்தைப் பற்றி அத்தீவினர் பரம்பரையாகச் சொல்லி வரும் கதை ஒன்று உண்டு. ஓஹியா என்பவன் அழகிய வாலிபன். எரிமலைத் தெய்வமாகிய பேலே அவனை விரும்பினாள். அவனோ லெஹுவா என்னும் பெண்ணிடம் மனம் வைத்திருந்தபடியால் தெய்வத்தின் விருப்பத்துக்கு இணங்கவில்லை. பேலே கோபங்கொண்டு அவனை முறுக்குண்ட மரமாக மாற்றிவிட்டாள். லெஹுவாவின் அழுகையைக் கண்டு இரங்கிய மற்றத் தேவர்கள், அவளை அம்மரத்தின் பூவாக்கி இருவரையும் பிரியாதிருக்கச் செய்தனர். ஆகையால் லெஹுவாப் பூவைப் பறித்தால் காதலர் பிரிவைப் பொறாது மழை கண்ணீராகப் பொழியும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. காட்டுக்குள் செல்லும்போது பூவைப் பறிக்கலாகாது என்று பெரியோர் சிறுவரைக் கண்டிப்பர்.

இதன் கட்டை கனத்தது. செம்மை கலந்த நிறமுடையது. பழங்காலத்தில் கோயில் விக்கிரகங்களும், வீட்டுத் தூண்களும், ஈட்டிகளும், கிழங்கு இடிக்கும் பலகைகளும், தோணியின் சில உறுப்புகளும் இதைக் கொண்டு செய்யப்பட்டன. பெருங்கோயிலுக்கு விக்கிரகம் செய்ய மரம் வெட்டப் போவது தனிச் சடங்காகவே நடந்தது. 1907-ம் வருஷத்தை ஒட்டி, அமெரிக்க ரயில் பாதைகளுக்குக் குறுக்குக் கட்டைகள் அனுப்பும் பொருட்டு, பூனாப் பகுதியில் ஓஹியாக் காடுகள் திரளாக வெட்டப்பட்டன. இக்காலத்தில் தரைப் பலகை, தூண், கைப்பிடி வேலைகளுக்கு இது உபயோகமாகிறது. பூவும் தளிரும் ஹூலா நடனமாடுவோர் அணியும் மாலைகளுக்கு உரியவை. தேனீ வளர்ப்போர் இப்பூவிலிருந்து பெறும் தேன் வெளுத்த நிறமும் எளிதில் உறையும் தன்மையும் உடையது. அபபானே, இஈவி முதலிய சிவந்த தேன் பருகும் குருவிகள் இப்பூவை நம்பியே பெரும்பாலும் வாழ்கின்றன.

1923-ம் வருஷத்தில் ஒவ்வொரு தீவுக்கும் ஒரு பூவை அடையாளமாகச் சட்டசபையார் ஏற்படுத்தியபோது, ஹவாயி என்னும் பெரிய தீவுக்குச் செந்நிற லெஹுவாவே தெரிந்தெடுக்கப்பட்டது. 1959-ம் வருஷத்தில் ராஜ்ய மரமாக ஏற்கப்பட்ட குகுயி, நம்மவர் நாட்டு அக்ரோட்டு என்று கூறுவது, மனிதரால் கொண்டுவந்து நடப்பட்டதாகும். அந்நாட்டுக்கே உரிய மரத்துக்கும் இடம் வேண்டும் என்று கருதி, 2022-ம் வருஷத்தில் ஓஹியா லெஹுவாவை அந்த ராஜ்யத்தின் சுதேச மரமாகச் சட்டத்தின் மூலம் அறிவித்தனர்.

காடும் நீரும்

ஓஹியாக் காட்டின் பெரும் பயன் கட்டையன்று, நீரே. உயர்ந்த மரத்தின் கீழ்ப் பெரணி மரங்களும், அவற்றின் கீழ்ச் செடிகளும், தரையெங்கும் பாசியும் அடுக்கடுக்காக நிற்பதால் கனமழையின் வேகம் தணிந்து நீர் மண்ணில் இறங்குகிறது. மூடுபனியும் இலைகளில் படிந்து துளித்துளியாகச் சொட்டுகிறது. காட்டைத் தொடர்ந்தே மழை வரும் என்பது அத்தீவினரின் பழைய கருத்து.

இக்கருத்தின் உண்மையை அவர்கள் நஷ்டப்பட்டே அறிய நேர்ந்தது. 1793-ம் வருஷத்தில் வான்கூவர் என்னும் ஆங்கில மாலுமி, கமேஹமேஹா அரசருக்கு மாடுகளை அளித்தார். அவை பெருக வேண்டும் என்று கருதி, பத்து வருஷ காலம் அவற்றைக் கொல்லக்கூடாது என அரசர் தடை விதித்தார். மாடுகள் காட்டில் புகுந்து கட்டுக்கடங்காமற் பெருகின. கன்றுகளைத் தின்றும், பட்டையைச் சிதைத்தும், வேர்களை மிதித்தும் காட்டை அழித்தன. ஓடைகள் வறண்டன. அக்காலத்தில் கரும்புச் சாகுபடி ஓங்கி வந்தது. 1878-ம் வருஷத்தில் மாவித் தீவின் கிழக்குப் பகுதியிலுள்ள ஈரக் காடுகளிலிருந்து நடுச் சமவெளிக்கு நீர் கொணர ஒரு பெருங்கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டது. மலையில் காடு அழிந்தால் கால்வாயில் நீர் இராது என்பதைத் தோட்ட முதலாளிகள் உணர்ந்து, காட்டைக் காக்குமாறு சர்க்காரை வற்புறுத்தினர். 1903-ம் வருஷத்தில் பாதுகாப்புக் காடுகளை ஏற்படுத்தும் சட்டம் பிறந்தது. மறு வருஷம் ரால்ஃப் ஹாஸ்மர் என்பவர் முதல் வன அதிகாரியாக நியமிக்கப்பட்டார். காடுகளுக்கு வேலி கோலப்பட்டது. காட்டு மாடுகள் அகற்றப்பட்டன. பெருங் கரும்புத் தோட்டங்களில் கடைசியானது 2016-ம் வருஷத்தில் அறுவடையை முடித்துக்கொண்டு மூடப்பட்டது. கரும்பு போய்விட்டது, அதன் பொருட்டுக் காக்கப்பட்ட காடு இன்றும் ஊர்களுக்குக் குடிநீர் அளித்து வருகிறது.

புதிய நோய்

நெருப்புக்கும் புகைக்கும் அஞ்சாத இம்மரத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூசணம் வீழ்த்தத் தொடங்கியது. 2010-ம் வருஷத்தை ஒட்டி, ஹவாயிப் பெரிய தீவின் பூனாப் பகுதியில் நிலம் உடைய சிலர், தங்கள் தோட்டங்களில் நன்றாக நின்ற ஓஹியா மரங்கள் காரணமின்றித் திடீரெனப் பட்டுப்போவதைக் கண்டனர். முதலில் கண்டவர்கள் அதிகாரிகளோ சாஸ்திரிகளோ அல்லர் என்பதும், நாள்தோறும் மரத்தைப் பார்த்து வந்த நிலச் சொந்தக்காரர்களே என்பதும் முக்கியமாகக் கவனிக்கத்தக்கவை. 2014-ம் வருஷத்தில் ஹீலோ நகரிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் இது செரட்டோசிஸ்டிஸ் என்னும் பூசண இனத்தால் விளைவது என்று கண்டனர். ஓஹியாவின் துரித மரணம் என்று நோய்க்குப் பெயர் வழங்கலாயிற்று.

நோயின் அறிகுறிகள் பின்வருமாறு. ஒரு கிளையிலோ மரம் முழுவதிலுமோ இலைகள் மஞ்சளித்து, சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் பழுப்பாகிக் காய்ந்துவிடும். காய்ந்த இலைகள் உடனே உதிர்வதில்லை; மரம் தீய்ந்தது போல் நிற்கும். அடிமரத்தை வெட்டிப் பார்த்தால் வைரத்தைச் சுற்றியுள்ள வெளிற்றுப் பகுதியில் கருநிறக் கறை ஓடியிருக்கும். பூசணம் நீரேறும் குழாய்களில் பரவி அடைத்துக்கொள்வதே மரணத்துக்குக் காரணம். இலை வாடிய பின்னரே நோய் தெரிய வருகிறது. ஆனால் பூசணம் அதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே மரத்தினுள் புகுந்திருக்கக்கூடும். ஆகையால் பசுமையாக நிற்கும் மரத்தை வெட்டி வேறிடத்துக்கு அனுப்புவதும் அபாயமே.

பெரிய தீவில் இதுவரை 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இந்நோயால் மாண்டன என்று மதிப்பிடப்பட்டுள்ளது. 2018-ம் வருஷத்தில் கவாயித் தீவிலும், 2019-ம் வருஷத்தில் மாவி, ஓவாஹு ஆகிய தீவுகளிலும் நோய் தென்பட்டது. மாவியில் கண்ட ஒரு மரம் உடனே வெட்டி அழிக்கப்பட்டது.

நோய்க்கு இட்ட பெயர்

2018-ம் வருஷத்தில், நோய்க்குக் காரணம் ஒரு பூசணம் அன்று, இரண்டு என்று தெளிவாயிற்று. இரண்டும் சாஸ்திரத்துக்குப் புதியவை. கொடியதாகிய ஒன்றின் உறவினங்கள் லத்தீன் அமெரிக்காவிலும் கரிபியத் தீவுகளிலும் உள்ளன. மெதுவாகக் கொல்லும் மற்றொன்றின் உறவினங்கள் ஆசியா, ஆஸ்திரேலியாப் பகுதிகளைச் சேர்ந்தவை. ஆகவே, இரண்டு வேறு திசைகளிலிருந்து வந்த பகைகள் ஒரே மரத்தைப் பற்றியிருக்கின்றன.

இவற்றுக்குப் பெயரிடும்போது சாஸ்திரிகள் கிரேக்கத்தையோ லத்தீனையோ நாடாமல் ஹவாயி பாஷையையே நாடினர். கொடியதற்கு லுகுஓஹியா, அதாவது ஓஹியாவை அழிப்பது என்றும், மற்றதற்கு ஹுலிஓஹியா, அதாவது ஓஹியாவின் இயற்கை நிலையை மாற்றுவது என்றும் பெயரிட்டனர். இது வெறும் அலங்காரம் அன்று. நோயைக் காட்டில் கண்டு சொல்ல வேண்டியவர்கள் வேட்டைக்காரரும், மாலை கட்டுவோரும், மாடு மேய்ப்போரும், தோட்டக்காரருமே. தம் பாஷையில் தம் மரத்தின் பெயரோடு சேர்ந்து வழங்கும் பகையின் பெயர் அவர்கள் வாயிலும் நினைவிலும் எளிதில் நிற்கும். பெயர் தெரிந்த பகையைக் கண்டவர் அதைப் பிறருக்கும் சொல்லுவர்.

பரவும் விதமும் தடுப்பு முறைகளும்

இப்பூசணம் காயத்தின் வழியாகவே மரத்தினுள் நுழைகிறது. புயலில் முறிந்த கிளை, கத்தி பட்ட இடம், வண்டி உராய்ந்த பட்டை, பன்றியும் ஆடும் மாடும் சிதைத்த வேர் ஆகிய யாவும் அதற்கு வாயில்களாகும். மாண்ட மரத்தைச் சிறு வண்டுகள் துளைத்து வெளியே தள்ளும் மரத்தூளில் பூசணத்தின் வித்துக்கள் உயிரோடு இருக்கும். அத்தூள் காற்றிலும், மண்ணிலும், பாதரட்சையிலும், வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிச் செல்லும். நோயுற்ற கட்டையை விறகாகவோ கம்பமாகவோ ஓரூரிலிருந்து மற்றோரூருக்குக் கொண்டுபோவது நோயையே ஏற்றிச் செல்வதாகும்.

காட்டில் நிற்கும் மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இதுகாறும் கிடைக்கவில்லை. ஆகவே தடுப்பதே வழி. அத்தீவுகளில் ஜனங்களுக்கு விதித்திருக்கும் முறைகள் வருமாறு:

1. ஓஹியா மரத்தைக் காயப்படுத்தலாகாது. கிளை கழிப்பதும், மரத்தடியில் இயந்திரத்தால் புல் வெட்டுவதும் மிக்க எச்சரிக்கையுடன் செய்யத்தக்கவை.

2. ஓஹியாக் கட்டை, கன்று, பூ, தளிர், மரத்தூள் எதையும் இடம் விட்டு இடம் கொண்டுபோகலாகாது. 2015-ம் வருஷத்திலிருந்து பெரிய தீவிலிருந்து பிற தீவுகளுக்கு இவற்றை அனுமதிச் சீட்டின்றி அனுப்புவது சட்ட விரோதம். பின்னர் மண்ணுக்கும் இக்கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

3. காட்டுக்குள் போகுமுன்னும் வந்த பின்னும் பாதரட்சையிலும் கருவிகளிலும் உள்ள மண்ணைத் துலக்கி, நூற்றுக்கு 70 பங்கு வலுவுள்ள ஆல்கஹால் தெளித்துத் துடைக்க வேண்டும். உடுத்திய துணியையும் வெந்நீரும் சவுக்காரமும் இட்டுத் துவைக்க வேண்டும்.

4. வண்டிச் சக்கரங்களையும் அடிப்பாகத்தையும் சவுக்கார நீரால் கழுவி மண்ணைப் போக்க வேண்டும்.

5. திடீரென இலை பழுத்த மரத்தைக் கண்டால் தாமே வெட்டாமல் உடனே அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும்.

இவற்றோடு, ஆகாய விமானங்களிலிருந்து காட்டைப் பார்வையிட்டுப் பழுத்த மரங்களைக் குறிப்பதும், கட்டைத் துண்டை எடுத்துப் பரிசோதிப்பதும் நடந்து வருகின்றன. வேலியிட்டு விலங்குகளை விலக்கிய காடுகளில் நோய் குறைவாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். நூறு வருஷங்களுக்கு முன் நீரின் பொருட்டுக் கோலிய வேலி, இன்று நோயைத் தடுக்கவும் உதவுகிறது. பல தீவுகளிலிருந்தும் விதைகளைச் சேகரித்துக் குளிர்ந்த அறைகளில் சேமித்து வருகின்றனர். நாற்றுக்களுக்கு வேண்டுமென்றே பூசணத்தை ஏற்றி, பிழைத்தவற்றை வளர்த்து, நோய் தாங்கும் இனத்தைக் கண்டுபிடிக்கவும் முயல்கின்றனர். பல உருவம் உடைய மரம் என்று 200 வருஷங்களுக்கு முன் கண்ட அவ்வேற்றுமையே, அதன் எதிர்கால நம்பிக்கையாகவும் இருக்கிறது.

ஹூலா நடன ஆசிரியர்கள் செய்த தியாகமும் குறிப்பிடத்தக்கது. லெஹுவாவின்றி ஆடுவதை முன்னோர் நினைத்தும் பார்த்திரார். ஆயினும் நோய் பரவாதிருக்கும் பொருட்டுப் பல குழுவினர் பூவையும் தளிரையும் பறிப்பதை நிறுத்தி, வேறு இலைகளையும் பூக்களையும் கொண்டு மாலை கட்டலாயினர். பூவைப் பறிக்காதே என்ற பழங்கதையின் கட்டளை புதிய காரணத்தோடு திரும்பி வந்தது.

நாம் கொள்ளத்தக்கவை

இந்நோய் நமக்கு எட்டாத தூரத்தில் நிகழ்வது என்று இருந்துவிடலாகாது. மாதுளைச் சாகுபடி செய்வோர் வாடல் நோயை அறிவர். மகாராஷ்டிரம், கர்நாடகம் முதலிய பகுதிகளில் மாதுளைத் தோட்டங்களை அழித்த அந்நோயும் செரட்டோசிஸ்டிஸ் இனத்துப் பூசணம் ஒன்றாலேயே விளைவது. அங்கும் இலை மஞ்சளித்து வாடுதல், தண்டினுள் கருங்கறை, துளைக்கும் வண்டு, மண், நோயுற்ற கன்று ஆகியவையே கதை. ஆகவே ஹவாயியின் முறைகளிற் பல நமக்கும் அப்படியே பொருந்தும். கன்று வாங்கும்போது நோயற்ற தோட்டத்திலிருந்து வந்ததா என்று விசாரித்தறிக. ஒரு மரத்தைக் கழித்த கத்தியைச் சுத்தம் செய்த பின்பே அடுத்த மரத்தில் வைக்க வேண்டும். பட்ட மரத்தை வேரோடு அகற்றி அவ்விடத்திலேயே எரிப்பது நன்று. அதன் கட்டையைப் பிற தோட்டத்துக்கு அனுப்பற்க. மரத்தடியில் உழும்போதும் கொத்தும்போதும் வேர் காயப்படாமல் பார்த்துக்கொள்க.

கிராம உத்தியோகஸ்தர்கள் தங்கள் எல்லையில் ஒரே வகை மரங்கள் அடுத்தடுத்துக் காரணமின்றிப் பட்டுப்போவதைக் கண்டாலும், குடியானவர் வந்து சொன்னாலும், அதை அற்பமாக எண்ணாமல் மரத்தின் பெயர், இடம், கண்ட தேதி, பட்ட மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து விவசாய இலாகாவுக்கு அறிவிப்பது அவசியம். பூனாவில் முதல் மரங்கள் பட்டதற்கும் நோயின் காரணம் தெரிந்ததற்கும் இடையே ஏறக்குறைய நான்கு வருஷங்கள் கழிந்தன. அந்த இடைவெளியில் கட்டையும் மண்ணும் தடையின்றி வண்டியேறிப் போய்க்கொண்டிருந்தன. முதலில் பட்ட ஒரு மரத்தைப் பற்றி அன்றே எழுதி அனுப்பும் ஒரு கடிதம், பின்னால் ஆயிரம் மரங்களைக் காக்கும் என்பதை யாவரும் மனத்திற் கொள்வார்களாக.